சாணி போகும் பாதை: அஞ்செட்டிக் காட்டின் மேய்ச்சல் கணக்கு

அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியா ஒகேனக்கல் போகிறவர்கள் இருபக்கமும் பார்த்துவிட்டு, "காஞ்சுபோன காடா இருக்கே" என்பார்கள். விட்டுவிட்டு நிற்கும் மரங்கள், நடுவில் புல். வனத்துறை வகைப்பாட்டில் இது வறண்ட இலையுதிர் காடு. சூழலியலாளர்கள் சிலர் இந்த மாதிரி நிலத்தைச் சவானா என்றே சொல்ல வேண்டும் என்கிறார்கள். சவானாவுக்குப் புல்தான் அஸ்திவாரம். அதை யார், எவ்வளவு தின்பது என்பதுதான் இங்கே நூறு வருடத்துக்கும் மேலான வழக்கு.

இந்தப் புல்லில் வளர்ந்ததுதான் ஆலம்பாடி மாடு. காவிரிக்கரை ஊர் ஒன்றின் பெயர் அதற்கு. உழவுக்கும் வண்டிக்கும் பேர்போனது. பகலில் காட்டில் மேயவிட்டு, ராத்திரி பட்டியில் அடைப்பார்கள். 1882-ல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்த பிறகு பர்மிட், கட்டணம் என்று ஆனது.

காட்டு விலங்குக்கு மாட்டால் வரும் இடைஞ்சல் மூன்று. முதலாவது, புல்லுக்குப் போட்டி. காட்டெருமை, புள்ளிமான், யானை எல்லாமே அதை நம்பித்தான் இருக்கின்றன. இரண்டாவது, நோய். 1968-ல் வெக்கை நோய் முதுமலை, பந்திப்பூர் பக்கம் காட்டெருமைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 2011-ல் அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்தது. கோமாரி இன்னும் இருக்கு.

மூன்றாவது சாணி. எனக்கு ரொம்ப சுவாரசியமானது இதுதான். பந்திப்பூரில் எம்.டி. மதுசூதன் செய்த ஆய்வு 2005-ல் வெளியானது. உலகச் சந்தையில் காப்பி விலை ஏறியபோது தோட்டங்களுக்கு எரு தேவைப்பட்டது. சாணிக்கு விலை கிடைத்ததும் காட்டில் மேயும் மாடும் பெருகியது. மாடு தின்ற புல்லின் சத்து காட்டு மண்ணுக்குத் திரும்பாமல் லாரி ஏறிவிடுகிறது. மாடு குறைந்த இடங்களில் காட்டெருமை திரும்பி வந்ததை அவருடைய 2004 ஆய்வு காட்டியது.

2014-ல் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் முழுக்க மாடு மேய்க்கத் தடை போட்டு, பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. ஆனால் 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமையாகவே சொல்கிறது, சரணாலயங்களுக்கும் சேர்த்து.

முழுத்தடை போட்டால் மேய்ப்பவர் பிழைப்போடு ஆலம்பாடி இனமும் போகும். கணக்கில்லாமல் விட்டால் காட்டெருமை போகும். என்னைக் கேட்டால் கிராமசபையும் வனத்துறையும் உட்கார்ந்து பேச வேண்டியது நாலே விஷயம்: எத்தனை மாடு, எந்த மாசம், தடுப்பூசி போட்டாச்சா, சாணி எங்கே போகுது.