மருத்துவப் பிளாஸ்திரியால் தோலில் ஏற்படும் ஒவ்வாமை: அறிதலும் தணித்தலும்

காயம் ஆறி வருகிறது. ஆனால் அதன் மேல் ஒட்டிய பிளாஸ்திரியின் அளவிலேயே தோல் தடித்து, அரித்து, சிறு கொப்புளங்களுடன் நீர் கோக்கிறது. மங்கலம்பேட்டை, விருத்தாசலம் வட்டாரத்தில் முந்திரி உடைக்கும் பெண்கள், பீங்கான் சூளைகளில் பணிபுரிவோர், கரும்பு வெட்டுவோர் எனக் கையில் அடிக்கடி காயம் படுவோர் பலர். அவர்களுள் சிலர் இத்தகைய தடிப்பைக் கண்டு, காயம் புரையோடிவிட்டது என அஞ்சி, கடையில் தாமாகவே நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வாங்கி உட்கொள்கின்றனர். வேறு சிலர் அரிப்பைப் பொறுக்க இயலாமல் கட்டினைப் பிய்த்தெறிந்து காயத்தைத் திறந்து விடுகின்றனர். இரண்டும் தீங்கானவை. பிளாஸ்திரி ஒவ்வாமையை எவ்வாறு அறிவது, எவ்வாறு தணிப்பது, மீண்டும் வராமல் எவ்வாறு காப்பது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

பிளாஸ்திரியில் என்ன உள்ளது?

பிளாஸ்திரி என்பது துணி, காகிதம் அல்லது நெகிழிப் படலத்தின் ஒரு பக்கத்தில் பசை பூசப்பட்டது. பழைய வகைத் துணிப் பிளாஸ்திரியில் இயற்கை ரப்பர், துத்தநாக ஆக்சைடு, பைன் மரப் பிசினிலிருந்து பெறப்படும் ரோசின் ஆகியவை கலந்திருக்கும். துத்தநாக ஆக்சைடு பீங்கான் மெருகிலும் பயன்படும் பொருளே. அதனால் ஒவ்வாமை ஏற்படுவது மிக அரிது. பெரும்பாலும் ரோசினும், ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் வேதிப்பொருள்களுமே ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. காகிதப் பிளாஸ்திரி, ஒளிபுகும் படலக் கட்டு ஆகிய புதிய வகைகளில் அக்ரிலேட் பசை உள்ளது. இதனால் ஒவ்வாமை ஏற்படுவது குறைவு. எனினும் ஏற்படாது எனக் கூற இயலாது. சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் உணரிகளைத் தோலில் ஒட்டிக்கொள்வோரிடமும் அக்ரிலேட் ஒவ்வாமை காணப்படுகிறது.

எரிச்சல், ஒவ்வாமை, தொற்று: வேறுபாடு என்ன?

பிளாஸ்திரியின் கீழ் தோல் பாதிக்கப்படுவதெல்லாம் ஒவ்வாமை ஆகாது. பின்வரும் நான்கு நிலைகளையும் பிரித்தறிதல் அவசியம்.

• தோல் எரிச்சல்: பசை, வியர்வை, உரசல் ஆகியவற்றால் எவருக்கும் வரக்கூடியது. பிளாஸ்திரி ஒட்டிய இடத்தளவில் மட்டும் நிற்கும். அரிப்பைவிட எரிச்சலே மிகுதி. பிளாஸ்திரியை எடுத்த ஓரிரு நாள்களில் பெரும்பாலும் தணியும். அக்னி நட்சத்திர நாள்களிலும் சூளை வெப்பத்திலும் இது கூடுதலாகக் காணப்படும்.

• தோல் உரிதல்: பிளாஸ்திரியை விரைந்து பிய்ப்பதால் தோலின் மேலடுக்கு பசையோடு வந்துவிடுகிறது. முதியோர், பச்சிளங்குழந்தைகள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர் ஆகியோரின் தோல் மெல்லியது; எளிதில் உரியும்.

• ஒவ்வாமை: உடலின் எதிர்ப்பாற்றல் ஒரு பொருளை நினைவில் வைத்துக்கொண்டு எதிர்ப்பதால் வருவது. ஏற்கெனவே பழகிய உடலில், பிளாஸ்திரி ஒட்டிய ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் கடும் அரிப்பு, தடிப்பு, நீர்க்கொப்புளம் தோன்றும். பிளாஸ்திரியின் ஓரத்தைத் தாண்டியும் பரவும். எடுத்த பின்னரும் சில நாள்கள் கூடக்கூடும்.

• தொற்று: காயத்திலிருந்தே தொடங்கும். அரிப்பைவிட வலி மிகுதி. நாளுக்கு நாள் வலி, வெப்பம், வீக்கம் கூடும். சீழ், துர்நாற்றம், காய்ச்சல் தோன்றலாம்.

நம்மவரின் தோல் நிறத்தில் சிவப்பு தெளிவாகத் தெரிவதில்லை என்பதை நினைவிற்கொள்ளுங்கள். கருஞ்சிவப்பாகவோ, ஊதா கலந்த பழுப்பாகவோ, சுற்றியுள்ள தோலைவிடக் கருமையாகவோ தோன்றலாம். எனவே கண்ணால் பார்ப்பதுடன் நில்லாமல் புறங்கையால் தொட்டு, வெப்பமும் தடிப்பும் உள்ளனவா என அறிய வேண்டும்.

பல ஆண்டுகள் ஒட்டியும் வராத ஒவ்வாமை இப்போது ஏன்?

ஒவ்வாமை பிறவியிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பொருள் முதன்முறை தோலில் பட்டு, உடல் அதனைப் பகையெனப் பதிவு செய்ய ஒன்றிரண்டு வாரங்கள் ஆகலாம். பல ஆண்டுகளும் ஆகலாம். பதிவான பின் அடுத்த முறை படும்போது ஓரிரு நாள்களிலேயே தோல் பொங்கும். சேங்கொட்டைப் பாலும் முந்திரித் தோட்டு எண்ணெயும் சிலருக்குத் தோலைப் புண்ணாக்குவதில் இதே செயல்முறைக்கும் பங்கு உண்டு. ஒருமுறை பதிவான ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடரும்.

முந்திரித் தோட்டு எண்ணெய், ஈரக் களிமண், சிமென்ட் தூசி ஆகியவற்றால் ஏற்கெனவே வெடித்துப் புண்பட்ட தோலில் தடுப்பரண் குலைந்திருப்பதால், பசையிலுள்ள பொருள்கள் எளிதில் உட்புகும். இத்தொழில்களில் உள்ளோர் கூடுதல் கவனத்துடன் இருத்தல் நலம்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

1. பிளாஸ்திரியை மெதுவாக அகற்றுங்கள். ஓரத்தில் சிறிது தேங்காய் எண்ணெய் அல்லது வெதுவெதுப்பான நீர் தடவிச் சில நிமிடங்கள் ஊறவிடுங்கள். எண்ணெய் காயத்தினுள்ளோ தையலின் மேலோ படக்கூடாது. பின்னர் ஒரு கைவிரலால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்திரியை மேல்நோக்கி இழுக்காமல், தோலோடு ஒட்டியவாறு பின்னோக்கி மடித்து, முடி வளர்ந்த திசையிலேயே உரியுங்கள்.

2. எஞ்சிய பசையை மிதமான சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். தேய்க்காமல், தூய துணியால் ஒற்றி எடுங்கள்.

3. காய்ச்சி ஆறிய குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியைத் தடிப்பின் மேல் 15 முதல் 20 நிமிடங்கள் வையுங்கள். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். அரிப்பும் நீர்வடிதலும் இதனாலேயே பெருமளவு தணியும். பனிக்கட்டியை நேரடியாக வைக்காதீர்கள்.

4. தோல் உடையாமல் உலர்ந்திருந்தால் வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகப் பூசுங்கள். அரிப்பு மிகுந்தால் உடையாத தோலில் மட்டும் கலமைன் லோஷன் தடவலாம்.

5. கொப்புளத்தை உடைக்காதீர்கள். அதன் மேல்தோலே காயத்திற்குச் சிறந்த கட்டு.

6. நகங்களை வெட்டிக்கொள்ளுங்கள். உறக்கத்தில் சொறிவதாலேயே பெரும்பாலும் தொற்று நுழைகிறது. குழந்தைகளுக்குக் கைகளில் பருத்தித் துணி உறை அணிவிக்கலாம்.

7. காயத்தைத் திறந்து விடாதீர்கள். தூய காஸ் துணியை வைத்து, சுருள்துணியால் சுற்றி முடிச்சிடுங்கள், பசை தேவையில்லை.

மருத்துவர் அளிக்கும் சிகிச்சை

ஒவ்வாமை என உறுதியானால் மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பினைக் குறுகிய காலத்திற்கு எழுதித் தருவார். அதனைப் பாதிக்கப்பட்ட தோலில் மட்டும், மெல்லியதாக, குறிப்பிட்ட நாள்கள் வரை பூச வேண்டும். திறந்த காயத்தினுள் பூசினால் காயம் ஆறுவது தாமதமாகும். அரிப்பினால் உறக்கம் கெட்டால் செட்ரிசின் போன்ற மாத்திரை தரப்படலாம். அது மயக்கம் தரக்கூடியது. உட்கொண்டபின் வாகனம் ஓட்டுவதையும் இயந்திரத்தின் அருகே பணிபுரிவதையும் தவிருங்கள். பாதிப்பு பரவலாக இருந்தால் சில நாள்களுக்கு மாத்திரை வடிவ ஸ்டீராய்டு தேவைப்படலாம். அதனை மருத்துவர் மேற்பார்வையின்றி உட்கொள்ளக்கூடாது; சர்க்கரை நோயாளிகளுக்கு இரத்தச் சர்க்கரை உயரும்.

பிளாஸ்திரியைத் தவிர்த்துவிட்டால் தடிப்பு பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரங்களில் மறையும். அவ்விடத்தில் கருந்தழும்பு போன்ற நிறமாற்றம் சில மாதங்கள் நீடிக்கலாம். அது தானாகவே மங்கும். அதற்கெனக் கடையில் விற்கும் வெளுப்புக் களிம்புகளை வாங்கிப் பூச வேண்டாம்.

செய்யக்கூடாதவை

• பசையை நீக்க மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கி பயன்படுத்தக்கூடாது.

• தடிப்பின் மேல் சுண்ணாம்பு, பற்பசை, சாணம், சேங்கொட்டை ஆகியவற்றைப் பூசக்கூடாது. நீர் வடியும் தோலில் மஞ்சள் பற்றும் வேண்டாம்.

• நியோமைசின் கலந்த களிம்பு, பொடி ஆகியவற்றைத் தாமாகப் பூசக்கூடாது. நியோமைசினே ஒவ்வாமையைத் தூண்டும் மருந்துகளுள் ஒன்று. பிளாஸ்திரியை எடுத்த பின்னும் தடிப்பு தணியவில்லை எனில், காயத்தில் பூசும் மருந்தே காரணமாக இருக்கலாம்.

• ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றும் கலந்த களிம்புகளை மருந்துச் சீட்டின்றி வாங்கக்கூடாது. ஸ்டீராய்டு களிம்புகள் 2018ஆம் ஆண்டு முதல் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துப் பட்டியலில் உள்ளன.

• போவிடோன் அயோடின் கரைசல் உலரும் முன் அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டக்கூடாது. ஈரத்துடன் மூடப்படும் கரைசல் தோலை வெந்ததுபோல் புண்ணாக்கும்.

ஒவ்வாமை உள்ளோர்க்கு மாற்று வழிகள்

கை, கால், தலை ஆகிய இடங்களில் காஸ் துணியும் சுருள்துணிக்கட்டும் போதுமானவை. வலைபோன்ற குழாய் வடிவக் கட்டினையும் பயன்படுத்தலாம். மார்பு, வயிறு போன்ற இடங்களில் ஒட்டியே ஆகவேண்டுமெனில் சிலிக்கோன் பசை கொண்ட கட்டுகள் பெரும்பாலோர்க்கு ஒத்துக்கொள்கின்றன. அவற்றின் விலை கூடுதல். ரோசின் ஒவ்வாமை உள்ளோர்க்குக் காகிதப் பிளாஸ்திரி பொருந்தலாம். அக்ரிலேட் ஒவ்வாமை உள்ளோர்க்கு அதுவும் பொருந்தாது. தன்மேல் தானே ஒட்டும் மீள்துணிக் கட்டுகளில் சில ரப்பர் பால் கொண்டவை. உறையைப் படித்து வாங்குங்கள்.

எப்பிளாஸ்திரியையும் ஒட்டும்போது தோல் உலர்ந்திருக்க வேண்டும். இழுத்துப் பிடித்து ஒட்டாமல், நடுவில் தொடங்கி இருபுறமும் தளர்வாகப் பதியுங்கள். இழுத்து ஒட்டுவதால் ஓரங்களில் எழும் கொப்புளத்தைப் பலர் ஒவ்வாமை எனக் கருதிவிடுகின்றனர்.

ஒவ்வாமையை உறுதிசெய்யும் சோதனை

எப்பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ஒட்டுச் சோதனை மூலம் அறியலாம். ஒவ்வாமையைத் தூண்டக்கூடிய பல பொருள்களைச் சிறு அளவில் முதுகின் மேற்பகுதியில் ஒட்டி, இரண்டு நாள்கள் கழித்து எடுத்துப் பார்ப்பர். நான்காம் நாள் அளவில் மீண்டும் பார்ப்பர். அதுவரை முதுகில் நீர் படக்கூடாது. தடிப்பு முற்றிலும் தணிந்த பின்னரே சோதனை செய்யப்படும். விருத்தாசலம் அரசு மருத்துவமனையிலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காண்பித்து, பரிந்துரையுடன் தோல் நோய்ப் பிரிவு உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம்.

இச்சோதனையின் பயன் பிளாஸ்திரியோடு முடிவதில்லை. ரோசினும் அதையொத்த பிசின்களும் செருப்புப் பசை, சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசை ஆகியவற்றிலும் உண்டு. நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்போ வெண்புள்ளியோ உள்ளவர்கள் அதனை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

சிறப்புக் கவனம் தேவைப்படுவோர்

• சர்க்கரை நோயாளிகள்: பாதத்தில் பிளாஸ்திரி ஒட்டுவதைத் தவிருங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் எழுந்தாலும் வலி தெரியாது. அதுவே ஆழ்ந்த புண்ணாக மாறலாம்.

• வீட்டில் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோர்: குழாய் வெளிவரும் இடத்தில் அரிப்பு ஏற்பட்டால் குழாயை அசைக்காதீர்கள்; கட்டின்றியும் விடாதீர்கள். அவ்விடத்துத் தொற்று வயிற்றறைக்குள் பரவக்கூடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் டயாலிசிஸ் பைகள் பெறுவோர், வீட்டிற்கு வரும் பணியாளரிடம் உடனே தெரிவித்து மாற்றுக் கட்டு கேளுங்கள்.

• அறுவை சிகிச்சைக்குச் செல்வோர்: ஒவ்வாமை உள்ளதென முன்கூட்டியே கூறி, நோயாளர் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். தையல் பிரியும் முன் தாமாகக் கட்டினை அகற்றாதீர்கள்.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறிகள்: சீழ், துர்நாற்றம், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, காயத்திலிருந்து மேல்நோக்கி ஓடும் சிவந்த கோடு, முகம், கண்ணிமை, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் தடிப்பு, பெரிய கொப்புளங்கள். பிளாஸ்திரியை எடுத்து ஒரு வாரம் ஆகியும் தணியாத தடிப்பையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிளாஸ்திரி அல்லது ரப்பர் கையுறை பட்ட சில நிமிடங்களிலேயே உடலெங்கும் காணாக்கடி போன்ற தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் ஏற்பட்டால் அது ரப்பர் பாலுக்கான உடனடி ஒவ்வாமையாக இருக்கலாம். இது உயிருக்கு ஆபத்தானது. தாமதமின்றி 108 அவசர ஊர்தியை அழையுங்கள். பிற மருத்துவ ஆலோசனைகளுக்கு 104 என்ற எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.

நினைவிற்கொள்க

அரிப்பு மிகுந்தால் பிளாஸ்திரியை ஐயுறுங்கள். வலி மிகுந்தால் தொற்றை ஐயுறுங்கள். பிளாஸ்திரியை நீக்குங்கள், காயக்கட்டினை நீக்காதீர்கள். ஒருமுறை ஒவ்வாமை எனத் தெரிந்தபின், "எனக்குப் பிளாஸ்திரி ஒத்துக்கொள்ளாது" என ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஊசி போடுவதற்கு முன்பே கூறுங்கள். நீங்கள் கூறினாலன்றி அதனைப் பிறர் அறிய வழியில்லை.