எல்லை தாண்டி வாங்கிய விவாகச் சீட்டு



அமெரிக்காவில் பிள்ளைகளை உடைய பெற்றோர் நம் சபைகளில் பெருகிவிட்டார்கள். அவர்கள் போதகரிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: மகன் ஒரு மாநிலத்தில் வேலை செய்கிறான், பெண் வேறொரு மாநிலத்தில் இருக்கிறாள், விவாக ஆராதனையோ மூன்றாவது மாநிலத்தின் ஆலயம் ஒன்றில் நடக்கப்போகிறது. விவாக உரிமத்தை, அதாவது லைசென்ஸை, எங்கே வாங்குவது? விடை எளிது. குடியிருக்கும் மாநிலத்தில் அல்ல, விவாகம் நடக்கும் மாநிலத்தில் வாங்கவேண்டும். டெக்சாஸில் உரிமம் கைக்கு வந்தபின் பொதுவாக 72 மணி நேரம் காத்திருக்கவேண்டும். நெவாடாவில் வாங்கிய அன்றே மணமுடிக்கலாம். ஓரிடத்தில் ஒழுங்காக நடந்த விவாகத்தை மற்ற மாநிலங்களும் ஏற்றுக்கொள்ளும்.

இந்தக் கடைசி வரியை இன்று நாம் எவ்வளவு இலகுவாகச் சொல்லிவிடுகிறோம்! அதை அப்படிச் சொல்ல முடியாமற்போன ஒரு காலத்தையும், அதனால் சிறைக்குப் போன ஒரு கணவனையும் மனைவியையும் குறித்து இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

விவாகம் எந்த இடத்தில் நடந்ததோ, அந்த இடத்துச் சட்டப்படி அது செல்லுமானால் எங்கும் செல்லும் என்பது பழைய நெறி. இங்கிலாந்தில் 1754-இல் ஹார்ட்விக் பிரபுவின் விவாகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஓலை வாசித்தோ உரிமம் பெற்றோதான் ஆலயத்தில் மணமுடிக்கவேண்டும்; 21 வயது நிரம்பாதவர் உரிமம் பெறப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றது அச்சட்டம். உடனே பொறுமையற்ற இளையோர் ஸ்காட்லாந்து எல்லையைக் கடந்து கிரெட்னா கிரீன் என்னும் சிற்றூருக்கு ஓடத் தொடங்கினார்கள். அங்கே சாட்சிகளுக்கு முன்பாக ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தாலே போதும். பெற்றோர் பல்லைக் கடித்தார்கள். நீதிமன்றங்களோ அந்த விவாகங்களை விவாகமென்றே ஏற்றுக்கொண்டன.

அமெரிக்க மாநிலங்களும் இந்த நெறியைக் கைக்கொண்டன. ஆனால் தென் மாநிலங்களில் அதற்கு ஒரு விலக்கு இருந்தது. அங்கே அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் விவாகத்தைச் சட்டம் விவாகமாகவே எண்ணவில்லை. போதகருக்கு முன்பாகக் கைப்பிடித்த கணவனை ஓர் ஊரிலும் மனைவியை வேறோர் ஊரிலும் எஜமான் விற்றுப்போடலாம். விடுதலைக்குப் பின், 1866 பிப்ரவரியில்தான், கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்துவந்த கறுப்பினத்தாரை விர்ஜீனியா மாநிலம் தம்பதியர் என்று சட்டப்படி ஏற்றது. அப்பொழுது எழுதப்பட்ட பதிவேடுகளில், எந்த ஆண்டு முதல் சேர்ந்து வாழ்கிறோம் என்பதையும் அவர்கள் சொல்லிப் பதிந்திருக்கிறார்கள். தேவன் அறிந்திருந்த விவாகத்தை அரசு அறிந்துகொள்ள அத்தனை ஆண்டுகள் பிடித்தன.

ஆனால் கறுப்பினத்தாரும் வெள்ளையரும் ஒருவரையொருவர் மணப்பதற்கு இருந்த தடை நீங்கவில்லை. எல்லை தாண்டிய விவாகம் இங்கேதான் சிக்கலாயிற்று. 1877-இல் வட கரோலினா உச்ச நீதிமன்றத்தின் முன் இரண்டு வழக்குகள் வந்தன. ஒன்றில், கணவன் தென் கரோலினாவில் குடியிருந்தவன். அந்நாளில் அங்கே அத்தகைய விவாகத்துக்குத் தடையில்லை. அங்கே மணமுடித்துச் சில மாதங்களுக்குப் பின்பு இருவரும் வட கரோலினாவுக்கு வந்தார்கள். விவாகம் செல்லும் என்றது மன்றம். மற்றொன்றில், இருவரும் வட கரோலினாவில் குடியிருந்துகொண்டே, தடைக்குத் தப்புவதற்காக எல்லை தாண்டிப் போய் மணமுடித்துத் திரும்பியவர்கள். செல்லாது என்றது அதே மன்றம்.

விர்ஜீனியாவிலும் அப்படியே. ஆண்ட்ரூ கின்னி கறுப்பினத்தார். மஹாலா மில்லர் வெள்ளையர். 1874-இல் வாஷிங்டன் நகருக்குப் போய் முறைப்படி மணமுடித்துத் தங்கள் ஊருக்குத் திரும்பினார்கள். ஒழுக்கக்கேடாய்ச் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. 500 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1878-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கணவன் மனைவியாக வாழ விரும்பினால் அதை ஏற்கும் வேறொரு மாநிலத்துக்கோ நாட்டுக்கோ போய்விடுங்கள் என்பதே அவர்களுக்கு அது சொன்ன அறிவுரை. இந்த அறிவுரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1924-இல் விர்ஜீனியா இன்னும் கடுமையான சட்டம் ஒன்றை இயற்றியது. மணமக்கள் இன்ன இனத்தார் என்பதில் எழுத்தருக்குத் திருப்தி ஏற்படாதவரை உரிமம் கொடுக்கக்கூடாது. வெள்ளையர் வெள்ளையரையே மணக்கவேண்டும். அதில் ஒரு வேடிக்கையும் இருந்தது. மாநிலத்தின் பெருங்குடும்பங்கள் சில, தாங்கள் பொக்காஹோண்டாஸ் என்னும் செவ்விந்தியப் பெண்ணின் வழிவந்தவர்கள் என்று பெருமை பாராட்டிவந்தன. அவள் ஞானஸ்நானம் பெற்று ரெபெக்காள் என்று பெயர்கொண்டு, 1614-இல் ஜான் ரால்ப் என்னும் ஆங்கிலேயரை மணந்தவள். பெருங்குடும்பத்தாரைக் கைவிடலாகாது என்பதற்காக, பதினாறில் ஒரு பங்கு செவ்விந்திய இரத்தம் உள்ளவரையும் வெள்ளையரென்றே கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு வாசலைத் திறந்துவைத்தார்கள். செல்வாக்குள்ளவர்களுக்குச் சட்டம் எங்கும் ஒரு வாசலை விட்டுவைக்கிறது.

சபை விவாகம் செய்துவைக்க ஆயத்தமாயிருந்தும் அரசு தடுத்த கதையும் உண்டு. கலிபோர்னியாவில் ஆண்ட்ரியா பெரஸ், சில்வெஸ்டர் டேவிஸ் என்னும் இரு கத்தோலிக்கருக்கு லாஸ் ஏஞ்சலிஸ் எழுத்தர் உரிமம் மறுத்தார். எங்கள் திருச்சபை எங்களை இணைத்துவைக்கத் தடை சொல்லாதபோது அரசு எப்படித் தடுக்கலாம் என்று அவர்கள் வழக்காடினார்கள். 1948-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் அந்தத் தடையைத் தள்ளியது. ஆனால் அத்தீர்ப்பு கலிபோர்னியாவுக்கு மட்டுமே.

இப்பொழுது நம் கதைக்கு வருவோம். விர்ஜீனியாவின் சென்ட்ரல் பாயிண்ட் என்னும் கிராமத்தில் ரிச்சர்ட் லவிங் கொத்தனார் வேலை செய்துவந்தார், வெள்ளையர். மில்ட்ரெட் ஜெட்டர் கறுப்பினமும் செவ்விந்திய இனமும் கலந்த குடும்பத்துப் பெண். லவிங் என்பது அவருடைய குடும்பப் பெயர்தான். அன்புள்ள என்ற பொருள் அமைந்தது தற்செயல். 1958 ஜூன் 2-ஆம் தேதி இருவரும் வாஷிங்டனுக்குப் போய் உரிமம் பெற்று மணமுடித்து ஊருக்குத் திரும்பினார்கள். 18 வயதுப் பெண்ணாகிய மில்ட்ரெடுக்குத் தங்கள் விவாகம் விர்ஜீனியாவில் குற்றம் என்பதே தெரியாது. வாஷிங்டனில் சம்பிரதாயங்கள் குறைவு, அதனால் போகிறோம் என்றே அவர் எண்ணியிருந்தார். விவாகச் சீட்டைச் சட்டம் போட்டுப் படுக்கையறைச் சுவரில் மாட்டினார்கள்.

ஆறு வாரம் நிறையவில்லை. ஜூலை 11-ஆம் தேதி அதிகாலை, ஏறக்குறைய இரண்டு மணிக்கு, ஷெரிப்பும் அவருடைய ஆட்களும் விளக்கொளி பாய்ச்சிக்கொண்டு படுக்கையறைக்குள் வந்தார்கள். இந்தப் பெண் யார் என்று கேட்டபோது, நான் இவருடைய மனைவி என்றார் மில்ட்ரெட். சுவரிலிருந்த சீட்டைக் காட்டினார்கள். அது இங்கே செல்லாது என்றார் ஷெரிப். ரிச்சர்ட் ஓர் இரவு சிறையில் இருந்தார். கர்ப்பவதியான மில்ட்ரெட் அதற்குப் பின்னும் சில நாட்கள் இருக்கவேண்டியதாயிற்று.

தடைக்குத் தப்ப மாநிலத்தை விட்டுப் போய் மணமுடித்துத் திரும்பி வாழ்வது விர்ஜீனியாவில் ஒன்றுமுதல் ஐந்து ஆண்டுகள்வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 1959 ஜனவரி 6-ஆம் தேதி நீதிபதி லியோன் பசில் ஆளுக்கு ஓராண்டு தண்டனை விதித்தார். ஆனால் இருவரும் மாநிலத்தை விட்டு உடனே வெளியேறி, 25 ஆண்டுகள் சேர்ந்தோ ஒரே வேளையிலோ திரும்பி வராதிருந்தால் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்றார். 1878-இல் கொடுத்த அறிவுரை 1959-இல் தீர்ப்பாகியது.

வாஷிங்டனில் நகர வாழ்க்கை மில்ட்ரெடுக்கு ஒத்துப்போகவில்லை. பிள்ளைகள் மூவருக்கும் ஓடியாட நிலமில்லை. 1963-இல் அவர் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடிக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் காட்டிய வழியில் பெர்னார்ட் கோஹன், பிலிப் ஹிர்ஷ்காப் என்னும் இரு இளம் வழக்கறிஞர்கள் வந்து சேர்ந்தார்கள்.

தீர்ப்பை மாற்றும்படி அவர்கள் கேட்டபோது, 1965 ஜனவரியில் நீதிபதி பசில் எழுதிய மறுப்பை நாம் கவனித்து வாசிக்கவேண்டும். சர்வவல்லமையுள்ள தேவன் இனங்களை வெவ்வேறு நிறத்தில் படைத்து வெவ்வேறு கண்டங்களில் வைத்தார். அவர் அவைகளைப் பிரித்துவைத்ததே, கலக்கக்கூடாது என்பதற்கு அடையாளம் என்று அவர் எழுதினார். நீதிமன்றத் தாளில் எழுதப்பட்ட ஒரு பிரசங்கம் அது. அக்காலத்தில் இப்படிப் பேசியவர்கள் அப்போஸ்தலர் 17:26-இன் பின்பாதியை, அதாவது ஜாதிகளின் குடியிருப்புக்கு எல்லை குறிக்கப்பட்ட பகுதியை, ஆதாரமாகக் காட்டினார்கள். மனுஷ ஜாதியெல்லாம் ஒரே இரத்தம் என்று சொல்லும் முன்பாதி அவர்கள் கண்ணில் படவில்லை. எண்ணாகமம் 12-ஆம் அதிகாரமும் படவில்லை. எத்தியோப்பிய ஸ்திரீயை விவாகம்பண்ணினதற்காக மோசேக்கு விரோதமாய்ப் பேசிய மிரியாமின் தோல்தான் உறைந்த மழையைப்போல வெண்மையாயிற்று. கர்த்தருடைய கோபம் அந்த ஸ்திரீயின்மேல் வரவில்லை.

இது அமெரிக்கருடைய பாவம் என்று சொல்லி நாம் புத்தகத்தை மூடிவிட முடியாது. சாதி பார்த்துப் பெண் கொடுக்கும் வழக்கத்தை ஞானஸ்நானத் தொட்டிக்கு வெளியே விட்டுவந்தோம் என்று சொல்லத்தக்க தமிழ்ச் சபைகள் எத்தனை? கல்லறைத் தோட்டத்தையே சுவர் எழுப்பிப் பிரித்த ஊர்கள் நம்மிடத்தில் உண்டு. அங்கே சட்டமாக எழுதிவைத்ததை இங்கே எழுதாமலே கைக்கொள்ளுகிறோம். எழுதாத சட்டத்துக்கு எதிராக எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

வழக்கு தேசத்தின் உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது, தென் மாநிலங்களின் கத்தோலிக்க ஆயர்கள் பலர் தம்பதியரின் பக்கமாக மனுவில் சேர்ந்தார்கள். ரிச்சர்ட் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. நான் என் மனைவியை நேசிக்கிறேன், அவளோடு விர்ஜீனியாவில் வாழக்கூடாது என்பது நியாயமல்ல என்று நீதிபதிகளிடம் சொல்லும்படி மட்டும் தம் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டார். 1967 ஜூன் 12-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பில், அத்தடையை நீக்கினார்கள். அந்நாளில் 16 மாநிலங்களில் இத்தகைய சட்டம் இருந்தது.

அவர்கள் சென்ட்ரல் பாயிண்டுக்குத் திரும்பினார்கள். ரிச்சர்ட் அங்கே குடும்பத்துக்கென்று வீடு கட்டினார். எட்டு ஆண்டுகள். 1975-இல் குடிபோதையில் ஒருவன் ஓட்டிவந்த வாகனம் மோதி அவர் மரித்தார். மில்ட்ரெட் ஒரு கண்ணை இழந்தார். மறுமணம் செய்யாமல் அந்த வீட்டிலேயே வாழ்ந்து 2008-இல் நித்திரையடைந்தார்.

சட்டம் போனபின்னும் மனம் போகச் சென்ற காலம் அதிகம். அலபாமா தன் அரசியல் சாசனத்திலிருந்து இந்தத் தடையை நீக்க 2000-ஆம் ஆண்டில் மக்களிடம் வாக்குக் கேட்டபோது, ஏறக்குறைய 40 சதவீதத்தினர் நீக்கவேண்டாம் என்றார்கள். ஆலயங்கள் நெருங்கி நிற்கும் மாநிலம் அது. விர்ஜீனியாவிலோ 2019 வரையிலும் உரிம விண்ணப்பத்தில் மணமக்கள் தங்கள் இனத்தை எழுதவேண்டும் என்ற விதி இருந்தது. மூன்று தம்பதியர் எழுத மறுத்து வழக்குத் தொடுத்தார்கள். அந்த அக்டோபரில் நீதிபதி அவ்விதி செல்லாதென்று தீர்த்தார். நம் பிள்ளைகளில் ஒருவர் இன்று அங்கே போய் உரிமம் கேட்டால், அந்த ஒரு கட்டத்தை நிரப்பவேண்டியதில்லை.