கட்டாய மோட்சம்: ஒரு பேரத்தின் வரலாறு

சுதந்திர விருப்பைக் கொடுத்துவிட்டுக் குறையில்லாத உலகம் ஒன்றை வாங்கிக்கொள்ளலாமா? தத்துவ வகுப்பறைக் கேள்வி போலத் தோன்றும் இது, ருஷ்யாவில் நாவல்களிலும் சிறைகளிலும் தொழிற்கூடங்களிலும் தொண்ணூறு ஆண்டுகள் நடந்த பேரம்.

1

1849 ஏப்ரலில் பெட்ராஷெவ்ஸ்கி குழுவினர் கைதானார்கள். ஃபூரியேயின் லட்சியக் குடியிருப்புகள் பற்றி வெள்ளிக்கிழமைதோறும் கூடிப் பேசியவர்கள். தஸ்தயேவ்ஸ்கி அவர்களில் ஒருவர். டிசம்பர் 22 அன்று துப்பாக்கிகளின் முன் நிறுத்தி, கடைசி நிமிடத்தில் தண்டனையை மாற்றி, அவரை நான்கு வருஷம் ஓம்ஸ்க் சிறைமுகாமுக்கு அனுப்பினார்கள்.

1863இல் செர்னிஷெவ்ஸ்கி சிறைக்குள்ளிருந்து எழுதிய 'என்ன செய்ய வேண்டும்?' நாவலில், வேரா பாவ்லோவ்னாவின் கனவில் இரும்பும் கண்ணாடியுமாக ஒரு மாளிகை எழுகிறது. அதில் அனைவருக்கும் வேலை, உணவு, பாட்டு. அடுத்த வருஷமே தஸ்தயேவ்ஸ்கியின் நிலவறை மனிதன், பழிப்புக் காட்டக்கூட வழியில்லாத மாளிகை எனக்கெதற்கு என்று முரண்டுபிடிக்கிறான். இதை நடுத்தரவர்க்கத் திமிர் என்று ஒதுக்குவது சுலபம். ஒதுக்க முடியாதபடி 'கரமசோவ் சகோதரர்கள்' (1879–80) எதிர்த்தரப்பையும் பேசவைத்தது. செவில் நகரத்து மத விசாரணையதிகாரி கேட்பது இதுதான்: பசித்தவனுக்குச் சுதந்திரம் பாரமில்லையா? முதல்ல சோத்தப் போடு, மத்தத அப்புறம் பாக்கலாம். இயக்க வேலை செய்த யாரும் ஒரு தடவையாவது இதைச் சொல்லியிருப்போம்.

ஆனால் சோறும் சுதந்திரமும் ஏன் தராசின் எதிரெதிர்த் தட்டுகளில் வைக்கப்படுகின்றன? தராசைப் பிடித்திருப்பது யார் கை? தஸ்தயேவ்ஸ்கி இந்தக் கேள்வியை முழுதாகக் கேட்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்த இடம் ஜாரும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையும். அங்கேயும் சாமானியனுக்கு வாய் கிடையாது.

2

டெய்லர் பென்சில்வேனியாவின் எஃகு ஆலைகளில் கடிகாரத்தோடு நின்று உழைப்பை அளந்தார். 1914இல் அம்முறையை, மனிதனை எந்திரத்துக்கு அடிமையாக்குவது என்று கண்டித்த லெனின், 1918இல் அதிலுள்ள விஞ்ஞான அம்சங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். உலோகத் தொழிலாளியும் கவிஞருமான கஸ்தேவ் 1920இல் மாஸ்கோவில் மத்திய உழைப்பு நிறுவனத்தைத் தொடங்கி, சுத்தியல் வீச்சையும் அரம் தேய்ப்பையும் துண்டு துண்டாக அளந்தார். பாட்டாளியின் உளவியல் பெயரற்றதாகி, தனிமனிதனை ஓர் எழுத்தாலோ எண்ணாலோ குறிக்கும் நிலை வரும் என்று 1919இலேயே எழுதியிருந்தார். இதில் குரூரம் எதையும் அவர் காணவில்லை. வீணாகும் உழைப்பிலிருந்து விடுதலை என்றுதான் நம்பினார்.

1905 புரட்சியில் போல்ஷெவிக்காகச் சிறை சென்ற சாம்யாதின் ஒரு கப்பல் பொறியாளர். 1916–17இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ருஷ்யாவுக்கான பனி உடைப்புக் கப்பல்களின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டார். அப்போது எழுதிய 'தீவுவாசிகள்' குறுநாவலில், கட்டாய மோட்சத்துக்கு நூல் எழுதி, மனைவியோடு கழிக்கும் நேரத்துக்கும் அட்டவணை போடுகிறார் ஓர் ஆங்கிலப் பாதிரியார். 'நாங்கள்' (1920–21) நாவலின் எண்மனிதர்களையும் கால அட்டவணையையும் வெறும் சோவியத் எதிர்ப்பாகச் சுருக்குபவர்கள் இந்தப் பாதிரியாரை மறந்துவிடுகிறார்கள். அட்டவணை முதலில் முதலாளிய, கிறித்தவ இங்கிலாந்தில் போடப்பட்டது.

1924இல் ஆங்கிலத்தில் வந்த 'நாங்கள்', சோவியத் மண்ணில் அச்சேற 1988 ஆயிற்று. 1931இல் ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதி வெளியேறிய சாம்யாதின் 1937இல் பாரிஸில் இறந்தார். 1938இல் கைதான கஸ்தேவ் 1939இல் சுடப்பட்டார். அட்டவணையைக் கேலி செய்தவருக்கும் இடமில்லை. அதற்காகவே உழைத்தவருக்கும் இடமில்லை.

3

'நாங்கள்' முடிவில் டி-503இன் மூளையிலிருந்து கற்பனை அகற்றப்படுகிறது. காதலித்தவள் வதைக்கப்படுவதை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கொடுத்ததைத் திரும்பக் கேட்க வேண்டிய ஆளே அங்கு இல்லை. எந்தப் பேரத்திலும் 'வேணாம், திருப்பிக் குடு' என்று சொல்ல ஒருவன் மிஞ்சியிருக்க வேண்டும். இதில் விற்கப்படுவது அந்த ஒருவன்தான். எனவே இதைப் பேரம் என்பதே தப்பு.

இதனால் நல்ல உலகம் வேண்டாம் என்றாகிவிடாது. கடைசி எண் இல்லாததுபோலக் கடைசிப் புரட்சியும் இல்லை என்கிறாள் அந்நாவலின் கலகக்காரி. பசியைத் தீர்க்கும் அமைப்பு வேண்டும். அதைப் பார்த்து 'இது சரியில்ல' என்று சொல்லும் வாயும் உள்ளேயே இருக்க வேண்டும். நம் அமைப்புகளில், தோழர்களே, அந்த வாய் யாருக்கு இருக்கிறது?