செப்பேடும் கைரேகையும்

வல்லரசுகள் மண்ணின் மைந்தரோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளை உலக வரலாறு நிறையவே பதிந்து வைத்திருக்கிறது. 1840-ல் நியூசிலாந்தின் வைத்தாங்கி என்னுமிடத்தில் ஆங்கிலேயர் மாவோரித் தலைவர்களோடு ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். 1868-ல் அமெரிக்க அரசு லாரமிக் கோட்டையில் லக்கோட்டா மக்களோடு செய்துகொண்ட உடன்படிக்கை, கருங்குன்றுகள் அம்மக்களுக்கே உரியவை என்றது. 1874-ல் அக்குன்றுகளில் பொன் இருப்பது தெரிந்தது. 1877-ல் குன்றுகள் பறிபோயின. 1980-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நடந்தது அநீதி என ஒப்பி இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. எங்களுக்கு வேண்டுவது நிலமே என்று கூறி அப்பணத்தைப் பெற மறுத்துவிட்டனர் அம்மக்கள்.

மீறப்பட்ட உடன்படிக்கைக்கும் ஒரு வலிமை உண்டு. நூறாண்டு கழிந்தும் அதைக் கையில் ஏந்தி நீதி கேட்கலாம். உடன்படிக்கையே இல்லாமல் உரிமை இழந்தவர்கள் எதைக் காட்டி வழக்குரைப்பது? இந்த வினாவுக்குரிய வரலாறு கடல்கடந்த நாடுகளில்தான் உண்டு என்பதில்லை. நம் மதுரைக்கு மேற்கே, நாகமலைக்கு அப்பாலும் அது கிடக்கிறது.

மலைக்கு அப்பால்

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி என்று வரிசையாக ஊர்கள் வரும். இவற்றைச் சூழ்ந்த வானம்பார்த்த பூமி பிரமலைக் கள்ளர்களின் தாயகம். மலைக்குப் புறத்தே உள்ள நாடு என்னும் பொருளில் 'புறமலை' எனப்பட்டதே பிரமலை ஆயிற்று என்பர். திடியன், வாலாந்தூர், கருமாத்தூர், பாப்பாபட்டி, கொக்குளம் முதலிய எட்டு நாடுகளும் இருபத்து நான்கு உபகிராமங்களும் தங்களுடையவை என்பது அவர்களின் மரபு. பிரெஞ்சு மானிடவியலறிஞர் லூயி துய்மோன் 1949-50-ஆம் ஆண்டுகளில் இம்மக்களிடையே தங்கி ஆராய்ந்து, 1957-ல் ஒரு பெருநூலே எழுதினார்.

அரசின் பட்டியலில் இவர்கள் பழங்குடியினர் அல்லர். 'சீர்மரபினர்' என்று குறிக்கப்பெறுகின்றனர். ஆயினும் தமக்கென நாடு, தமக்கெனத் தலைவர், தமக்கென நீதிமுறை என வாழ்ந்த ஒரு மக்களை அயலாட்சி எவ்வாறு நடத்திற்று என்று காண இவர்களின் வரலாறு போதும்.

நம் வாசகர் அறியத்தக்க செய்தி ஒன்றும் இவ்விடத்தில் உண்டு. முன்னாளில் இம்மக்கள் தம் ஆண்மக்களுக்குச் சுன்னத் செய்யும் வழக்கம் உடையவராயிருந்தனர் என்று 1909-ல் வெளிவந்த தர்ஸ்டனின் நூல் குறிக்கிறது. இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சிலர் கூறியவை ஊகங்களே. ஆயினும் அயலாரென்று நாம் எண்ணும் மக்களுக்கும் நமக்கும் இடையே நாம் அறியாத தொடர்புகள் உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

கல்லில் நின்ற உரிமை

மதுரையில் வையையின் வடகரையில் உள்ள கோரிப்பாளையம் தர்காவை அறியாத தமிழ் முஸ்லிம் குடும்பம் அரிது. அங்குள்ள கல்வெட்டொன்று, பாண்டிய மன்னர் ஒருவர் தில்லி சுல்தானின் பள்ளிவாசலுக்கு ஆறு ஊர்களை அளித்தார் என்றும், அக்கொடையை 1573-ல் வீரப்ப நாயக்கர் உறுதிசெய்தார் என்றும் கூறுகிறது. ஆட்சிகள் மாறின, சமயம் வேறு, மொழி வேறு. எனினும் முந்தைய அரசின் கொடையைப் பிந்தைய அரசு மதித்தது. பழைய உரிமையைப் புதிய ஆட்சி காப்பது அந்நாளைய தமிழகத்தின் அரசியல் அறம்.

பிரமலை நாட்டாரிடமும் இத்தகைய உரிமைச் சான்று உண்டு. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், உறப்பனூர்ப் பின்னத்தேவருக்கு நீதி வழங்கும் உரிமையைச் செப்பேட்டில் பொறித்து அளித்தார் என்பது அவர்களின் மரபு. அவர் வழியினர் 'திருமலைப் பின்னத்தேவர்' என்று பட்டம் பூண்டனர். பேரரசு, தன் எல்லைக்குள் வாழ்ந்த ஒரு மக்களின் தன்னாட்சியை ஒப்பியமைக்கு அடையாளம் இது. இங்கு உடன்படிக்கை என்று ஒன்றிருந்தால் அது அச்செப்பேடே.

அவர்களின் பிழைப்புக்கு அடித்தளமாயிருந்தது காவலுரிமை. ஊர்க் களத்தையும் கால்நடையையும் காக்கும் காவற்காரருக்கு அறுவடையில் ஒரு பங்கு தானியம் சேரும். களவு போனால் பொருளை மீட்டுத்தர வேண்டும். இயலாவிடில் ஈடுசெய்ய வேண்டும். களவுபோன மாட்டைத் துப்பறிந்து மீட்டுத் தருவதற்குத் 'துப்புக்கூலி' உண்டு. இம்முறையில் முறைகேடே இல்லை என்று நாம் கூறவில்லை. காவற்கூலி தராத ஊரில் மாடு காணாமற்போவதும், துப்புக்கூலி தந்ததும் அது திரும்பி வருவதும் நடந்தன. ஆயினும் அது ஊரும் காவற்காரரும் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம்.

வாள் வந்த வழி

1755-ல் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் ஹெரான், ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியின் அண்ணன் மாபூஸ்கானோடு மதுரைச் சீமைக்குப் படை நடத்தி வந்தார். சிப்பாய்களின் தளபதி யூசுப்கான். மதுரைக்கருகே கோவில்குடியில் கோயிலைத் தாக்கி அங்கிருந்த விக்கிரகங்களை ஹெரான் கவர்ந்தார். அவ்வூர் திருமோகூர் எனக் கருதுவர். படை நத்தம் கணவாய் வழியே திரும்புகையில் கள்ளர்கள் திரண்டு தாக்கித் தங்கள் தெய்வ உருவங்களை மீட்டுச் சென்றனர். இவர்கள் மேலூர், நத்தம் பகுதியைச் சார்ந்தோர், பிரமலையினர் அல்லர். எனினும் கள்ளர் நாடுகளுக்கும் கும்பினிக்கும் முதல் உறவு அங்ஙனம் தொடங்கிற்று. ஹெரான் படைமன்ற விசாரணைக்கு உள்ளாகிப் பதவி இழந்தார்.

பின்னர் மதுரையை ஆண்ட யூசுப்கானும் கள்ளர்களைப் படைகொண்டு அடக்கியவரே. கான் சாகிப் நம்மவர் என்பதற்காக இதை மறைத்தல் முறையன்று. அவரே கும்பினியையும் நவாபையும் எதிர்த்து நின்று 1764 அக்டோபர் 15-ல் தூக்கிலிடப்பட்டார் என்பதையும் வரலாறு பேசுகிறது. மதுரைச் சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் இன்றும் உள்ளது.

1801-ல் கருநாடகத்தின் ஆட்சி முழுமையும் கும்பினியின் கைக்கு வந்தது. காவல் என்பது அரசுக்கு மட்டுமே உரிய தொழில் என்பது அவர்தம் கொள்கை. 1859-ல் சென்னை மாகாணப் போலீசுச் சட்டம் இயற்றப்பட்டது. பழைய காவலுரிமை சட்டத்தின் பார்வையில் மிரட்டிப் பணம் பறித்தலாக மாறியது. ஊர்களில் அது தொடர்ந்தபோது பூசல் முற்றிற்று. 1896-ல் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் 'பண்டு' என்று பொதுநிதி திரட்டிக் கள்ளர் காவலுக்கு எதிராகக் கிளர்ந்தனர். குடியானவரின் குறை மெய்யானது. காவல் இழந்தவரின் பசியும் மெய்யானது.

1895-ல் பெரியாறு அணை முடிந்து, மேற்கு மலையின் நீர் வையைக்குத் திரும்பியது. மேலூர்ப் பக்கத்து நிலங்கள் நன்செய்யாயின. அங்குள்ள கள்ளர்களில் பலர் உழவராக நிலைகொண்டனர். பிரமலை மேட்டுநிலத்துக்கோ அந்நீர் எட்டவில்லை. காவலும் போயிற்று, நீரும் வரவில்லை. அதன்பின் அந்நாட்டில் குற்றம் மிகுந்ததென்றால் காரணம் இரத்தத்தில் இல்லை, வாய்க்காலில் இருக்கிறது.

ரேகைச் சட்டம்

ஆட்சியாளர் வேறு காரணம் கண்டனர். தச்சனுக்குத் தச்சு குலத்தொழில்போலச் சிலருக்குக் குற்றமே குலத்தொழில் என்றனர். இக்கருத்தில் பிறந்ததே 1871-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம். வட இந்தியாவில் தொடங்கிய அது 1911-ல் புதுப்பிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914-ல் கீழக்குயில்குடிக் கள்ளர் அதன்கீழ்க் கொணரப்பட்டனர். சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் அனைவர்மீதும் அது பாய்ந்தது.

ஒரு கூட்டத்தைக் குற்றப்பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால் அவ்வறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க இயலாது. அக்கூட்டத்து ஆண்மக்கள் கைரேகை பதிய வேண்டும். பதிந்தவரில் பலர் இரவுதோறும் காவல் நிலையத்திலோ, காவலர் குறித்த பொதுவிடத்திலோ சென்று படுத்துறங்க வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். 'ராதாரிச் சீட்டு' என்று மக்கள் அதனை வழங்கினர். ராஹ் என்றால் பாரசீகத்தில் வழி. ராஹ்தாரி என்றால் வழிக்காவல். வழிக்காவலைத் தொழிலாகக் கொண்டிருந்தவர் வழிநடக்கவே அச்சொல்லால் அமைந்த சீட்டைக் கேட்டு நிற்க நேர்ந்தது.

இச்சட்டத்தை மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். உசிலம்பட்டிக்கருகே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிய மறுத்தனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் அதிகாரிகளும் போலீசாரும் ஊருக்கு வந்தனர்; மக்கள் திரண்டு எதிர்த்தனர்; துப்பாக்கி வெடித்தது. மாயாக்காள் என்னும் பெண்மணி உட்பட 16 பேர் மாண்டனர். வீழ்ந்துகிடந்தோருக்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றவர் அவர் என்று ஊரார் கூறுவர். ஜாலியன் வாலாபாக் படுகொலை நடந்து ஓராண்டுகூட நிறைவுறாத காலம் அது. அமிர்தசரஸின் குருதியை நாடறியும். பெருங்காமநல்லூரின் குருதியை மதுரை மாவட்டத்துக்கு வெளியே எத்தனை பேர் அறிவர்?

அம்மக்களுக்காக வாதாடியவர்களில் முதன்மையானவர் மதுரையில் வாழ்ந்த மலையாளக் கிறித்தவரான பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். கோட்டில் ரோசாப்பூ அணிந்த அவரை 'ரோசாப்பூ துரை' என்று அவர்கள் அன்போடு அழைத்தனர். தம் பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயரிட்டனர். அவர் 1938-ல் மறைந்தார். பின்னர் முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் இச்சட்டத்துக்கெதிராகப் போராடினர். 1947-ல் சென்னை மாகாணம் அதனை நீக்கிற்று. 1952 ஆகஸ்ட் 31-ல் நாடு முழுவதும் அது ஒழிந்தது.

ஒருவர் குற்றம் ஒருவருக்கே

தமிழ் முஸ்லிம் இல்லங்களில் இவ்வரலாறு பேசப்பட வேண்டியது ஏன்? தந்தையின் குற்றத்துக்கு மகனோ, மகனின் குற்றத்துக்குத் தந்தையோ பொறுப்பாளி அல்லர் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த நீதி. பிறப்பால் குற்றவாளி என்னும் கொள்கை இந்நீதிக்கு நேர்மாறானது. ஆகவே இஃது எவர்மீது சுமத்தப்பட்டாலும் நாம் எதிர்க்கக் கடமைப்பட்டவர்கள்.

நம்மவர்மீதும் இது சுமத்தப்பட்டதுண்டு. சிந்து நாட்டில் பீர் பகாராவின் சீடர்களான ஹூர்கள் இதே சட்டத்தின்கீழ்க் குற்றப்பரம்பரை என்று அறிவிக்கப்பட்டனர்; அவர்களின் தலைவர் சிப்கத்துல்லா ஷா 1943 மார்ச் 20-ல் தூக்கிலிடப்பட்டார். மலபாரிலோ, மாப்பிள்ளைமார் மீது ஊரோடு சேர்த்துத் தண்டம் விதிக்க 1854-லேயே தனிச்சட்டம் இருந்தது. ஒரு சமூகத்தின் பெயரே குற்றச்சாட்டாக மாறுவதன் கொடுமையை நமக்குப் பிறர் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் ஒழிந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. நாட்டின் பல மாநிலங்களில் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் அதன் இடத்தில் வந்தமர்ந்தது. சிறைக் கையேடுகளில் சாதியையும், சீர்மரபினர் என்னும் பிறப்பையும் வைத்துக் கைதிகளைப் பிரித்த விதிகளை உச்ச நீதிமன்றம் நீக்கியது 2024 அக்டோபர் 3-ஆம் நாளில்தான். 1979-ல் தமிழ்நாட்டரசு 'சீர்மரபுப் பழங்குடியினர்' என்னும் பெயரைச் 'சீர்மரபினர்' என்று மாற்றியது. மைய அரசின் நலன்கள் கைநழுவுகின்றன என்று அம்மக்கள் நாற்பதாண்டுகள் முறையிட்டபின், 2019-ல் மைய அரசின் திட்டங்களுக்குப் பழைய பெயரிலும் மாநில ஒதுக்கீட்டுக்குப் புதிய பெயரிலுமாக இருவகைச் சான்றிதழுக்கு வழி செய்யப்பட்டது. ஒரே மனிதர், ஒரே ஊர், இரண்டு பெயர்கள்!

ரேகை வாங்கிய அதே ஆட்சி, 'சீர்திருத்தம்' என்னும் பெயரில் பள்ளிகளையும் திறந்தது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் தொடர்ந்து இயங்கிவந்தன. 2023-ல் அவற்றைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்பதாக அரசு அறிவித்தபோது அம்மக்களில் பலர் எதிர்த்தனர். கண்காணிக்க வந்த பள்ளியை அவர்கள் தமதாக்கிக் கொண்டதே காரணம். பெருவிரல் ரேகை மட்டும் போதும் என்று விதிக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் அப்பள்ளிகளிற் கற்றே கையெழுத்திட்டனர்.

2007 செப்டம்பர் 13-ல் ஐக்கிய நாடுகள் அவை மண்ணின் மைந்தரின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. பிரகடனங்கள் நல்லவையே. ஆனால் உரிமையைக் காப்பது ஏடு மட்டுமன்று. அதனை மதிக்கும் ஆட்சியும், மதிக்காதபோது தட்டிக்கேட்கும் அண்டை வீட்டாருமே. கோரிப்பாளையத்துக் கல்வெட்டை வீரப்ப நாயக்கர் மதித்தார். நம் உரிமை நின்றது. உறப்பனூர்ச் செப்பேட்டைக் கும்பினியார் மதிக்கவில்லை. அம்மக்களின் உரிமை வீழ்ந்தது. மதுரை வட்டாரத்துப் பெற்றோர் தம் பிள்ளைகளைக் கோரிப்பாளையம் தர்காவுக்கும் சம்மட்டிபுரத்துக்கும் அழைத்துச் செல்லும்போது, ஒருநாள் பெருங்காமநல்லூர் நினைவுத்தூணுக்கும் அழைத்துச் செல்வார்களாக. அங்கே பொறிக்கப்பட்ட பெயர்களுக்குரியவர்களும் நம் சீமையின் மக்களே.