கோழி இறைச்சியில் நோய்க்கிருமிகளைக் கண்டறியும் ஆய்வக முறைகள்

கோழி இறைச்சி, முட்டை வழியாக மனிதருக்குத் தொற்றும் பாக்டீரியாக்களை இனங்காணும் சோதனைகள் இவை. சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் ஆகிய இரண்டுமே இவற்றின் முதன்மை இலக்கு. இக்கிருமிகள் இருக்கும் இறைச்சியின் நிறமோ மணமோ மாறுவதில்லை. அவற்றைக் குடலில் சுமக்கும் கோழியும் பெரும்பாலும் நோயுற்றதாகத் தெரிவதில்லை. எனவே கண்பார்வைச் சோதனை மட்டும் உண்போரைக் காக்காது.

தொடக்கம்

1885இல் அமெரிக்காவில் டேனியல் சால்மன் தலைமையில் பணிபுரிந்த தியோபால்ட் ஸ்மித், பன்றிகளிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அதன் பேரினத்துக்கு 1900இல் சால்மனின் பெயர் சூட்டப்பட்டது. கோழிக்குஞ்சுகளைக் கொல்லும் புல்லோரம் நோயின் கிருமியை (அதுவும் ஒரு சால்மோனெல்லா) லியோ ரெட்கர் விவரித்ததும் 1900இல்தான். 1913இல் எஃப். எஸ். ஜோன்ஸ், கோழியின் சீரத்தோடு கிருமிகளைக் கலந்து, அவை திரள்கின்றனவா என்று பார்த்து, நோயைச் சுமக்கும் தாய்க்கோழிகளை அடையாளம் கண்டார். அமெரிக்காவின் தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டம் (1935) இத்தகைய சோதனைகளைப் பண்ணைகளில் பரவலாக்கியது.

வளர்ப்பு முறை

இறைச்சியில் பிற பாக்டீரியாக்கள் ஏராளம். தேடும் கிருமியோ சில செல்களாகவே இருக்கலாம். மற்றவற்றை அடக்கி சால்மோனெல்லாவை மட்டும் பெருகவிடும் ஊடகங்கள் இதற்குத் தேவைப்பட்டன. முல்லரின் டெட்ராதயோனேட் ஊடகம் (1923), லைஃப்சனின் செலினைட் ஊடகம் (1936), வெல்டன் டெய்லரின் எக்ஸ்எல்டி அகார் (1965) ஆகியன இவ்வழியில் வந்தவை. எக்ஸ்எல்டி அகாரில் சால்மோனெல்லா பொதுவாகக் கருமையான நடுப்பகுதியுடைய சிவந்த காலனிகளாக வளரும்.

குளிரூட்டலாலும் கிருமிநாசினியாலும் நலிந்த செல்கள் இவ்வூடகங்களில் நேரடியாக இடப்பட்டால் மடிந்துவிடும். ஆகவே ஐஎஸ்ஓ 6579 என்ற பன்னாட்டுத் தர முறையில் 25 கிராம் மாதிரி முதலில் பெப்டோன் கரைசலில் சுமார் 18 மணி நேரம் வைக்கப்பட்டுத் தேற்றப்படுகிறது. அதன்பின் தேர்வு ஊடகம், அகார் தட்டு, உறுதிச் சோதனை எனப் படிகள் தொடர்வதால் முடிவு கிடைக்கப் பல நாள்கள் ஆகும். கோழியைக் கழுவிய நீரில் எஞ்சும் கிருமிநாசினி, மாதிரி ஆய்வகம் சேருமுன்பே பாக்டீரியாவைக் கொன்றுவிடக்கூடும். அதை முறியடிக்கும் கரைசலை அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் பயன்படுத்தத் தொடங்கினர்.

கேம்பைலோபாக்டர்

குறைந்த ஆக்சிஜனிலேயே வளரும் கேம்பைலோபாக்டர் நெடுங்காலம் ஆய்வகங்களின் பிடியில் சிக்கவில்லை. 1977இல் இங்கிலாந்தின் வூஸ்டரில் மார்ட்டின் ஸ்கிரோ, மூன்று நுண்ணுயிர்க்கொல்லிகள் சேர்த்த அகாரில் 43 டிகிரி செல்சியஸில் வளர்க்கும் எளிய வழியை வெளியிட்டார். வயிற்றுப்போக்கின் முக்கியக் காரணங்களுள் ஒன்றாக இக்கிருமி அதன்பின் அறியப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் அதன் எண்ணிக்கையும் அளவிடப்படுகிறது: கோழியின் கழுத்துத் தோலில் கிராமுக்கு 1000 என்பது வரம்பு.

மரபணு முறைகள்

எதிர்ப்பொருளைக் கொண்டு கிருமியை இனங்காணும் எலைசா (1971இல் அறிமுகமானது), மரபணுத் துண்டைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் (1980களில் உருவானது) ஆகியன காத்திருப்பைக் குறைத்தன. சால்மோனெல்லாவின் இன்வ்ஏ மரபணுவைத் தேடும் பிசிஆர் 1992இல் விவரிக்கப்பட்டது. 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய பல்ஸ்நெட் வலையமைப்பு, நோயாளியிடமும் உணவிலும் கிடைத்த கிருமிகளின் மரபணுக் கோலங்களை ஒப்பிட்டு நோய்ப்பரவலின் மூலத்தைத் தேடுகிறது. 2019இல் அது முழு மரபணுத்தொகுதி வரிசையாக்கத்துக்கு மாறியது.

பிசிஆர் இறந்த செல்லின் மரபணுவையும் காட்டக்கூடும். மேலும், கிருமியின் மருந்தெதிர்ப்பை நேரடியாகச் சோதிக்க உயிருள்ள கிருமி வேண்டும். அதனால் விரைவுச் சோதனையில் கிருமி இருப்பதாகத் தெரிந்தால், அதை வளர்த்து உறுதிசெய்வது இன்றும் நடைமுறை.