நெஞ்சறையும் கணனிக் குறுக்குப்படமும்: ஒரு வரலாற்று நோக்கு

விலா என்புகளால் அடைக்கப்பட்ட நெஞ்சறையை வைத்தியர்கள் நெடுங்காலமாகச் செவியாலேயே அணுகினர். 1816இல் பாரிஸ் நகரின் நெக்கர் வைத்தியசாலையில் லெனெக் என்பார் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அவ்வாறே பிறந்தது. ஆயினும் கேட்ட ஒலியின் பொருளைப் பிரேத பரிசோதனையே அவருக்கு உறுதிப்படுத்தியது. நோயின் உருவம் மரணத்தின் பின்னரே வெளிப்பட்டது. உயிரோடிருப்பவரின் நெஞ்சினுள் அதனைக் காண்பதெவ்வாறு என்பதே பின்வந்தோர் முன்னிருந்த வினாவாகும்.

1895இல் றொண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர் இவ்வினாவுக்கு அரைவிடையே அளித்தது. முப்பரிமாணமுடைய நெஞ்சறை ஒரு தளத்தில் விழும் நிழலாயிற்று. என்பும் இருதயமும் குருதிக் குழாய்களும் ஒன்றன்மேலொன்றாகப் படிந்தன. இருதயத்தின் பின்னே மறைந்த சிறு கட்டி கண்ணுக்குத் தப்பியது.

உடலை வெட்டாமல் அதன் குறுக்குவெட்டைக் காணவேண்டுமாயின், பல திசைகளிலிருந்து ஊடுருவும் கதிர்கள் எவ்வளவு குறைகின்றன என அளந்து, அவ்வளவீடுகளிலிருந்து உள்ளமைப்பைக் கணித்தல் வேண்டும். இதற்கான கணித அடிப்படையை ஒஸ்திரியக் கணிதவியலாளரான றாடொன் 1917இலேயே நிறுவியிருந்தார். அதனை அறியாமலே, கேப்ரவுண் நகரில் 1956இல் இச்சிக்கலை எதிர்கொண்ட பௌதிகவியலாளர் அலன் கோமக், 1963இலும் 1964இலும் தம் தீர்வை வெளியிட்டார். அவற்றைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. கணித்தற்கேற்ற கணனியும் அதற்குப் பணமிடும் நிறுவனமும் ஒருங்கே கிட்டியது இங்கிலாந்தில், ஈ.எம்.ஐ. நிறுவனத்துப் பொறியியலாளர் ஹவுன்ஸ்பீல்டுக்கேயாகும். 1971 ஒக்டோபர் 1ஆம் நாள் இலண்டனின் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதல் நோயாளியின் மூளை படமாக்கப்பட்டது. 1979இல் இவ்விருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

முதலிற் படமாகியது தலையே என்பது தற்செயலன்று. தலையை அசையாது நிறுத்தலாம். நெஞ்சை நிறுத்த இயலாது. ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள் வேண்டிய அக்கருவியின் முன் நெஞ்சு பலமுறை விரிந்து சுருங்கிவிடும். 1974இல் அமெரிக்காவின் ஜோர்ஜ்ரவுண் பல்கலைக்கழகத்தில் றொபேட் லெட்லி முழுவுடற் கருவியை இயக்கினார். அடுத்துவந்த கருவிகள் ஒரு படத்துக்கான நேரத்தை 20 செக்கனாகவும் பின்னர் அதனிலும் குறைவாகவும் சுருக்கின. ஆயினும் ஒவ்வொரு படத்துக்கும் நோயாளி மூச்சை அடக்கவேண்டியிருந்தது. ஒருமுறை இழுத்த மூச்சின் அளவு மறுமுறை இழுத்ததை ஒத்திராது. எனவே நுரையீரல் இடம்பெயர, சிறு கட்டி இரு படங்களுக்கிடையே மறைந்துபோகலாம். இதனிலும் பெரிய முரண் ஒன்றுண்டு. இக்கருவியின் உதவி எவருக்கு மிகுதியாக வேண்டியிருந்ததோ, அந்த மூச்சுத்திணறும் நோயாளியே மூச்சை அடக்க மாட்டாதவர்.

இத்தடையை நீக்கியது சுருள்முறையாகும். பழைய கருவியில் கதிர்க்குழாய் ஒரு சுற்றுச் சுற்றியதும், அதனோடு இணைந்த மின்கம்பிகளுக்காக நின்று திரும்பவேண்டியிருந்தது. வழுக்கு வளையம் வழியாக மின்சாரம் பாய்ச்சப்பட்டபின் குழாய் இடைவிடாது சுழன்றது. அவ்வேளையிலேயே நோயாளி கிடக்கும் மேசையும் நகர்ந்தது. 1989இல் ஜேர்மனியில் வில்லி கலெண்டரும் குழுவினரும் முன்வைத்த இம்முறையால் நெஞ்சறை முழுவதையும் ஏறக்குறைய அரை நிமிடத்தில், ஒரே மூச்சடக்கலிற் படமாக்க முடிந்தது. 1998இல் நான்கு படங்களை ஒருங்கே பதியும் கருவிகள் வந்தன. பின்னர் அந்த அரை நிமிடமும் சில செக்கன்களாயிற்று.

இவ்வேகத்தின் பயன் யாது? அமெரிக்காவில் 2002இல் தொடங்கிய ஆய்வொன்றில், நெடுங்காலம் புகைபிடித்தோர் 53,454 பேர் சேர்க்கப்பட்டனர். குறைந்த கதிரளவுடைய கணனிப் படம் எடுக்கப்பட்டோரிடையே நுரையீரற் புற்றுநோய் மரணம், சாதாரண எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கப்பட்டோரிலும் 20 வீதம் குறைந்ததென 2011இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அங்கு ஐயத்துக்குரியனவாகக் காட்டப்பட்டவற்றுள் 95 வீதத்துக்கும் மேலானவை புற்றுநோயல்ல. அவ்வளவு பேரின் அச்சமும் மேற்பரிசோதனையும் இவ்வெற்றியின் விலையிற் சேரும். வழமையான கணனிப் படத்தின் கதிரளவு சாதாரண நெஞ்சுப் படத்தினதிலும் பல பத்து மடங்கு என்பதும் மறக்கற்பாலதன்று.

ஆகவே இவ்வரலாற்றைத் தனி மேதைகளின் வரலாறாக மட்டும் எழுதுதல் பொருந்தாது. கணிதம் 1917இலும் கருவி 1971இலும் தோன்றியபின்னும், மூச்சை அடக்கமாட்டாத நோயாளிக்கு அவை பயன்பட மேலும் பல்லாண்டுகள் சென்றன. அவரது மூச்சின் அளவுக்குக் கருவி இறங்கிவந்த கதையே இதன் உட்பொருளாகும்.