பச்சையப்பரின் உயிலும் தர்மகர்த்தாவின் பொறுப்பும்

பொருளைத் தேடுவது ஒரு திறமை. தேடிய பொருளைத் தகுந்தவர் கையில் ஒப்படைப்பது வேறொரு திறமை. இதற்குத் தமிழர் வரலாற்றில் சிறந்த உதாரணம் சென்னை வள்ளல் பச்சையப்ப முதலியார்.

ஏழைக் குடும்பத்தில் 1754-இல் பிறந்த பச்சையப்பர், துபாஷியாகவும் வணிகராகவும் உழைத்துப் பெருஞ்செல்வம் ஈட்டினார். 1794 மார்ச் மாதத்தில், ஆலயத் திருப்பணிகளுக்கும் அறச் செயல்களுக்கும் தம் செல்வத்தை ஒதுக்கி உயில் எழுதினார். அதே மாதம் நாற்பதாவது வயதில் காலமானார். உயில் தெளிவாக இருந்தும், தர்மங்கள் அவர் எண்ணியவாறு நடைபெறவில்லை. பிணக்குகள் மூண்டன, விஷயம் சென்னை சுப்ரீம் கோர்ட்டை எட்டியது. அரசாங்க வழக்கறிஞர்களான ஹெர்பர்ட் காம்ப்டன், அவருக்குப் பின் ஜார்ஜ் நார்ட்டன் ஆகியோரின் முயற்சியால் பணம் மீட்கப்பட்டது. இந்துக்களைக் கொண்ட தர்மகர்த்தர் சபை ஒன்று பொறுப்பேற்றது. பெருகியிருந்த உபரித் தொகை கல்விக்குத் திருப்பப்பட்டு, 1842-இல் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. அதுவே பின்னர் பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. வள்ளல் மறைந்து அதற்குள் 48 ஆண்டுகள் கழிந்திருந்தன!

இந்த வரலாறு உணர்த்துவது என்ன? உயிலின் வாசகம் மட்டும் போதாது. அதை நிறைவேற்றுபவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவராகவும், தவறினால் மாற்றப்படக் கூடியவராகவும் இருத்தல் வேண்டும்.

நியூசிலாந்தும் இப்பாடத்தை ஆரம்பத்திலேயே கற்றது. கடல் கடந்து குடியேறியவர்களுக்கு அருகில் உறவினர் இல்லை. நம்பி நியமித்த நண்பரோ இறந்துவிடுவார், அல்லது ஊரைவிட்டுப் போய்விடுவார். இக்குறையைப் போக்க 1872-இல் சட்டம் இயற்றி, உலகிலேயே முதன்முதலாக அரசாங்கப் பொதுத் தர்மகர்த்தா பதவியை இந்நாடு உருவாக்கியது. மனிதர் மாறினாலும் பதவி நிலைத்திருக்கும் என்பதே அதன் சிறப்பு. இன்று அது 'பப்ளிக் டிரஸ்ட்' என்ற பெயரில், கட்டணம் பெற்றுக்கொண்டு இயங்கி வருகிறது.

2021 ஜனவரி 30 முதல் நடைமுறையிலுள்ள 2019-ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டம் தர்மகர்த்தாவின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. அவர் டிரஸ்டின் நிபந்தனைகளை அறிந்து, அதன்படி நடக்க வேண்டும். நேர்மையுடனும், பயனாளிகளின் நன்மைக்காகவும் செயலாற்ற வேண்டும். ஆவணங்களைப் பேண வேண்டும். பத்திரத்தில் வேறுவிதமாகக் கூறப்படாவிடில், தர்மகர்த்தர்கள் ஏகமனதாகவே முடிவெடுக்க வேண்டும், ஊதியமும் பெறலாகாது.

ஆகவே ஆக்லாந்து வாழ் அன்பர்கள் சில விஷயங்களைச் சிந்திப்பது நல்லது. மூத்த மகன் என்பதோ நெருங்கிய நண்பர் என்பதோ மட்டும் தகுதியாகாது. அவருக்குக் கணக்கு வழக்குத் தெரியுமா? யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருந்துகொண்டு இங்குள்ள வீட்டையும் வங்கிக் கணக்கையும் கவனிக்க இயலுமா? பிள்ளைகளுக்குள் மனத்தாங்கல் ஏற்பட்டால் நடுநிலை வகிப்பாரா? ஏறக்குறைய சமவயதுடையவராயின், அவருக்குப் பின் யார் என்று எழுதப்பட்டுள்ளதா? எல்லாவற்றுக்கும் மேலாக, அவரிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்கப்பட்டதா? குடும்பத்தவர் ஒருவருடன் வழக்கறிஞர் ஒருவரையும் சேர்த்து நியமிப்பது பலருக்குப் பொருந்தும் வழி.

பச்சையப்பரின் தர்மம் இறுதியில் பிழைத்தது. அதற்கு நீதிமன்றமும் அரை நூற்றாண்டும் தேவைப்பட்டன. சாதாரணக் குடும்பத்தின் சேமிப்பு அவ்வளவு காலம் தாங்காது. உடலும் அறிவும் நலமாக இருக்கும்போதே தகுந்தவரைத் தெரிந்தெடுத்து, உயிலை ஒழுங்கு செய்வது பிள்ளைகளுக்குச் செய்யும் பேருதவியாகும்.